பழைய செவி பிக்கப்ல எந்த ட்ரான்ஸ்மிஷன் இருக்குனு எப்படி கண்டுபிடிக்கிறது

தம்பி கேட்டது இதுதான்: 1994 செவி, அதாவது செவர்லே 2500 பிக்கப், 5.7 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், அமெரிக்காவுல பழசா வாங்கியிருக்கார். ட்ரான்ஸ்மிஷன் ஆயிலும் ஃபில்டரும் மாத்தலாம்னு பார்ட்ஸ் கடைக்குப் போனா "எந்த ட்ரான்ஸ்மிஷன்"னு கேக்குறாங்க, வித்தவர் டர்போ 400ன்னு சொல்லியிருக்கார், பக்கத்துல இருக்க மெக்கானிக் 700ஆர்4ங்கிறார், வின் நம்பரை, அதாவது வண்டியோட அடையாள எண்ணைப் போட்டுப் பார்த்தா ஒண்ணும் வரலை, என்ன பண்றதுன்னு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், வண்டி நிஜமாவே 1994 மாடலா இருந்து கம்பெனியில போட்ட கியர்பாக்ஸே இன்னும் கீழ இருந்தா அந்த ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. 94ல இந்த சைஸ் செவி பிக்கப்புக்கு ஆட்டோமேட்டிக்ல வந்தது ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு 4எல்60இ, இன்னொண்ணு 4எல்80இ. ஆனா மெக்கானிக்கையும் வித்தவரையும் குறை சொல்ல மாட்டேன், ஏன்னா 4எல்60இ-ங்கிறது 700ஆர்4 வம்சத்துல வந்தது, 4எல்80இ டர்போ 400 வம்சத்துல வந்தது, பழைய ஆளுங்க அப்பன் பேரைச் சொல்லியே பிள்ளையைக் கூப்பிடுவாங்க. பிரச்சனை என்னன்னா கடையில அப்பன் பேரைச் சொல்லி வாங்கினா வேற கேஸ்கெட்டும் ஃபில்டரும் கையில வந்துடலாம், பேனை, அதாவது பாக்ஸுக்கு அடியில இருக்க ஆயில் தட்டைக் கழட்டி ஆயிலை எல்லாம் இறக்கினப்புறம்தான் அது தெரியும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி பாத்துடணும்.

வின் நம்பர்ல வராததுக்குக் காரணம் சிம்பிள். 1981ல இருந்து 17 இலக்க வின் வந்துச்சு, அதுல எட்டாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும், பத்தாவது எழுத்து மாடல் வருஷத்தைச் சொல்லும், செவியோட தாய் கம்பெனி ஜிஎம், அவங்க பிக்கப் வின்ல ட்ரான்ஸ்மிஷனுக்குன்னு தனி இடமே கிடையாது. உங்க வண்டியில எட்டாவது எழுத்து 'கே'ன்னு இருந்தா த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் வச்ச 5.7, பத்தாவது எழுத்து 'ஆர்'னு இருந்தா 1994, 'பி'ன்னா 93, 'எஸ்'னா 95. அதுக்கு மேல வின்னைப் போட்டு நோண்டுறதுல பிரயோஜனம் இல்லை. சில வெப்சைட்டுல வின் போட்டா ட்ரான்ஸ்மிஷன் பேரு வருதேன்னு கேப்பீங்க, அந்த மாடலுக்கு என்னென்ன வந்துச்சோ அதுல ஒண்ணை எடுத்துக் காட்டுதே தவிர உங்க வண்டியைப் பாத்து சொல்லலை.

அடுத்து கிளவ் பாக்ஸைத் திறங்க. 1988ல இருந்து 98 வரைக்கும் வந்த இந்த உடம்பு செவி, ஜிஎம்சி பிக்கப்புங்கள்ல கிளவ் பாக்ஸ் கதவோட உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, மேல வின், அதுக்குக் கீழ வரிசையா மூணு மூணு எழுத்தா கோடு, அதாவது குறியீடு. ஆக்சில், சஸ்பென்ஷன், ஏசி, பெயின்ட்னு அந்த வண்டியில கம்பெனி என்னென்ன போட்டு அனுப்புச்சோ எல்லாம் அதுல இருக்கும். நீங்க தேட வேண்டியது 'எம்'ல ஆரம்பிக்கிறதை. எம்30ன்னு இருந்தா 4எல்60இ. எம்டி1, அதாவது டெக்சாஸோட டி போட்டு எம்டி1ன்னு இருந்தா 4எல்80இ. எம்டி8, இது டல்லஸோட டி, அப்படின்னா 700ஆர்4 இல்லைன்னா அதையே பேரு மாத்தின 4எல்60. இன்னும் பழைய வண்டின்னா எம்38 வந்தா டர்போ 350, எம்40 வந்தா டர்போ 400. மேனுவல் கியர்ல எம்ஜி5, எம்டபிள்யூ3ன்னு வரும், அதைக் கடைசியில சொல்றேன். கூடவே எம்எக்ஸ்-னு ஆரம்பிக்கிற ஒரு கோடு இருக்கலாம், எம்எக்ஸ்0 மாதிரி, அது பொதுவா ஓவர்டிரைவோட, அதாவது ஹைவேல இன்ஜின் மெதுவா சுத்தறதுக்கான மேல் கியரோட வந்த ஆட்டோமேட்டிக்குனு மட்டும்தான் சொல்லும், எந்த பாக்ஸ்னு சொல்லாது, அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க.

ஸ்டிக்கர் கிழிஞ்சு போயிருந்தா மனசு விட வேண்டாம், ஸ்டிக்கர் நல்லா இருந்தாலும் அதை முழுசா நம்ப வேண்டாம். அது வண்டியோட ஜாதகம் மாதிரி, பொறந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லும், முப்பது வருஷத்துல என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது. இந்த பிக்கப்புங்க எல்லாம் உழைச்ச வண்டிங்க, ட்ரெய்லர் இழுத்திருக்கும், பண்ணையில கிடந்திருக்கும், ஒரு தடவையாவது ட்ரான்ஸ்மிஷன் இறங்கி ஏறியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஏறினது அதே மாடல்தான்னு யாரும் எழுதி வைக்க மாட்டாங்க, அன்னைக்கு உடைக்கிற யார்டுல எது சல்லிசா கிடைச்சுதோ அது ஏறியிருக்கும்.

எனக்கே நடந்தது. நான் வாங்கின 1986 சி10, கிளவ் பாக்ஸ் ஸ்டிக்கர்ல தெளிவா எம்டி8, ஸ்டியரிங் காலம்ல இருக்க கியர் முள்ளுக்குக் கீழயும் ஓவர்டிரைவ் குறி இருந்துச்சு, சரின்னு 700ஆர்4க்கு உண்டான ஃபில்டர் செட் வாங்கிட்டு வந்து வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி கீழ படுத்துப் பாக்குறேன், பேன் சதுரமா ஒரு மூலை வெட்டினாப்ல இருக்கு, போல்ட் எண்ணினா 13. டர்போ 350. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரு மாத்திட்டாரு, மேல இருக்க முள்ளையும் குறியையும் மாத்தலை. ஹைவேல 65 மைல்ல போனா இன்ஜின் ரொம்பக் கத்தும், பின் ஆக்சில் ரேஷியோ அப்படின்னு நினைச்சுட்டு இருந்தேன், நாலாவது கியரே இல்லாத பாக்ஸ்ல நாலாவது கியரைத் தேடிட்டு இருந்திருக்கேன். அன்னையில இருந்து யாரு கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், ஸ்டிக்கரைப் பாருங்க, விசாரிங்க, ஆனா முடிவை கீழ படுத்து பேனைப் பாத்தப்புறம் எடுங்க.

படுக்குறதுக்கு முன்னாடி, ஜாக்கை மட்டும் நம்பி கீழ போகவே கூடாது. சமதரையில நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை குடுத்து, ஜாக் ஸ்டாண்டு மேல உக்கார வச்சு, ஒரு தடவை பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டுதான் தலையை உள்ள விடணும். பிக்கப் உயரமா இருக்கறதால ஜாக்கே இல்லாம தரையோட தரையா உள்ள போயிடலாம், வெறும் எண்ணிப் பாக்கத்தானே, அதுவே எனக்குப் பிடிச்ச வழி. இன்ஜின் ஆறியிருக்கணும், சைலன்சர் பைப் பக்கத்துலயே ஓடும்.

முன்னாடி இருந்து பாத்தா முதல்ல வர்றது இன்ஜின் ஆயில் பேன், அது இல்லை. அதுக்குப் பின்னாடி, இன்ஜின் பலத்தை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற டார்க் கன்வெர்ட்டரை மூடுற ஒரு தகடு, அதுவும் இல்லை. அதுக்கும் பின்னாடி தட்டையா ஒரு தாம்பாளம் கவுத்து வச்சாப்ல சுத்தி போல்ட் போட்டு இருக்கும் பாருங்க, அதுதான் ட்ரான்ஸ்மிஷன் பேன். முப்பது வருஷ அழுக்கு ஒட்டியிருக்கும், ஒரு துணியும் பிரஷ்ஷும் வச்சு விளிம்பை மட்டும் சுத்தம் பண்ணிட்டு ஒவ்வொரு போல்ட்டுக்கும் சாக்பீஸ்ல ஒரு புள்ளி வச்சுக்கிட்டே எண்ணுங்க, இல்லைன்னா ஆரம்பிச்ச இடம் மறந்துடும், 16ஆ 17ஆன்னு திரும்பத் திரும்ப எண்ணுவீங்க. போல்ட்டை எண்ணாதீங்க, ஓட்டையை எண்ணுங்க, ஏன்னா ஒரு போல்ட் தொலைஞ்சு போய் அப்படியே ஓடிட்டு இருக்க வண்டி நிறைய. ஷிஃப்ட் லிங்கேஜ் பக்கமும் சைலன்சர் பைப்புக்கு மேலயும் மறைஞ்சு இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் தடவிப் பாருங்க. போன்ல ஃபோட்டோ எடுத்துட்டு வெளிய வந்து உக்காந்து எண்ணினா இன்னும் நல்லது.

13னு வந்தா டர்போ 350 இல்லைன்னா டர்போ 400. 16னு வந்தா 700ஆர்4, 4எல்60, 4எல்60இ குடும்பம். 17னு வந்தா 4எல்80இ. 14ன்னு வந்தா, 60கள்ல இருந்து 70களோட தொடக்கம் வரைக்கும் உள்ள வண்டின்னா, ரெண்டே கியர் வச்ச பவர்கிளைடு. இதுல 16க்குள்ள 200-4ஆர்னு இன்னொண்ணும் உண்டு, அது பெரும்பாலும் கார்ல வந்தது, பிக்கப்ல யாராவது கொண்டுவந்து மாட்டினாத்தான் இருக்கும்.

13 போல்ட்டுல ரெண்டையும் பிரிக்கிறது பேனோட உருவத்தை வச்சு. டர்போ 350 கிட்டத்தட்ட சதுரம், பாசஞ்சர் பக்கம் பின் மூலை மட்டும் சரிவா வெட்டினாப்ல இருக்கும். டர்போ 400 பேன் நீளமா கோணலா இருக்கும், அமெரிக்காக்காரங்க டெக்சாஸ் மேப் மாதிரின்னு சொல்லுவாங்க, ஒரு தடவை பாத்தா மறக்காது. இன்னொரு அடையாளம், ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கினா கியரை இறக்குற வேலையை டர்போ 350ல ஒரு கேபிள் செய்யுது, டர்போ 400ல கரன்ட்ல செய்யுது, டிரைவர் பக்கம் ஒயர் வந்து சொருகியிருக்கும். இங்க டிரைவர் பக்கம்னா இடது, நம்ம ஊரு நினைப்புல வலதுன்னு போயிடாதீங்க. ரெண்டுலயுமே பாசஞ்சர் பக்கம் சின்ன டப்பா மாதிரி வாக்யூம் மாடுலேட்டர் இருக்கும், இன்ஜின்ல இருந்து ஒரு ட்யூப் வந்து அதுல சொருகும், மாடுலேட்டர் இருந்தாலே இது ஓவர்டிரைவ் இல்லாத பழைய பாக்ஸ்னு எடுத்துக்கலாம். டர்போ 400 வந்தது 1964ல, 350 வந்தது 1969ல. ரெண்டுலயும் ஓவர்டிரைவ் கிடையாது, கடைசி கியர் 1.00தான்.

16 போல்ட்டுதான் நிறைய பேருக்குக் குழப்பம், பேன் எல்லாம் ஒரே செவ்வகம், ஒரே சைஸ், உள்ள இருக்கறது மட்டும் வேற. 700ஆர்4 1982ல வந்துச்சு, 1990ல ஜிஎம் பேரு வைக்கிற முறையை மாத்தினப்ப அதையே 4எல்60ன்னாங்க. 4ன்னா முன்னாடி போக நாலு கியர், எல் அப்படின்னா இன்ஜின் நீளவாட்டுல இருக்க வண்டிக்கு, 60ங்கிறது பலத்தோட அளவு, பின்னாடி இ வந்தா எலக்ட்ரானிக். பிக்கப்புல 1993 மாடல்ல இருந்து அந்த இ வந்துடுச்சு. கீழ படுத்தபடியே பிரிக்கலாம், பாசஞ்சர் பக்கம் பேனுக்கு மேல தடியா வட்டமா ஒரு எலக்ட்ரிக் கனெக்டர், உள்ள கத்தையா ஒயர் போகுதுன்னா 4எல்60இ. அது இல்லாம டிரைவர் பக்கம் மூணு நாலு ஒயரோட சின்ன சதுர கனெக்டர் இருந்து, த்ராட்டில்ல இருந்து ஒரு கேபிள் இறங்கி பாசஞ்சர் பக்கம் பாக்ஸுக்குள்ள போகுதுன்னா 700ஆர்4 அல்லது 4எல்60.

அந்தக் கேபிளைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கியர்பாக்ஸ் பேரை சரியா தெரிஞ்சுக்காததால நல்லா இருந்த பாக்ஸ் செத்துப் போறது இந்த இடத்துலதான். டர்போ 350லயும் ஒரு கேபிள் இருக்கு, 700ஆர்4லயும் ஒரு கேபிள் இருக்கு, ரெண்டும் த்ராட்டில்ல இருந்துதான் வருது, பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். டர்போ 350 கேபிள் கிக்டவுனுக்கு மட்டும், அது கழண்டு கிடந்தாலும் வண்டி ஓடும், ஓவர்டேக் பண்றப்ப கியர் இறங்காது, அவ்வளவுதான். 700ஆர்4ல இருக்கறது டிவி கேபிள், அதாவது த்ராட்டில் வால்வ் கேபிள், அது நீங்க எவ்வளவு ஆக்சிலரேட்டர் குடுக்குறீங்கன்னு ஒவ்வொரு நொடியும் பாக்ஸுக்குச் சொல்லி அதுக்கேத்த ஆயில் பிரஷரை உண்டாக்குது. அது லூஸா இருந்தாலோ அளவு தப்பா மாட்டியிருந்தாலோ பிரஷர் கம்மியாகி கிளட்ச் பிளேட்டெல்லாம் வழுக்கிக்கிட்டே ஓடும், முதல்ல போறது மூணாவது நாலாவது கியருக்கான கிளட்ச், அது கருகிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இன்ஜின்ல கார்புரேட்டர் மாத்தினப்ப இது சும்மா கிக்டவுன் கேபிள்தானே, அப்புறம் மாட்டிக்கலாம்னு தொங்க விட்டுட்டு கொஞ்ச தூரம்தான் ஓட்டினாரு, வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக் எடுத்தா ஆயில் கருப்பா தீஞ்ச வாசனை. அவரு தன்னோடது டர்போ 350ன்னு நினைச்சுட்டு இருந்தாரு, அந்த ஒரு தப்பு ஒரு ரீபில்டு செலவுல முடிஞ்சுது. மனசு கஷ்டமா இருந்துச்சு, அஞ்சு நிமிஷம் கீழ போய் 16 எண்ணியிருந்தா போதும்.

17 போல்ட், 4எல்80இ, இது 1991ல பிக்கப்புக்கு வந்துச்சு. டர்போ 400ஐ எடுத்து முன்னாடி ஒரு ஓவர்டிரைவ் செட்டும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலும் சேத்த மாதிரி, முதல் மூணு கியர் ரேஷியோ அப்படியே 2.48, 1.48, 1.00, நாலாவது 0.75. ஆளு பெருசு, பேனும் பெருசு, விளிம்பு வளைஞ்சு நீள்வட்டமா இருக்கும். வட்ட கனெக்டர் இதுலயும் உண்டு, ஆனா டிரைவர் பக்கம், அதே பக்கம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரெண்டு ஸ்பீடு சென்சாரும் இருக்கும், ஒண்ணு உள்ள வர்ற வேகத்துக்கு, ஒண்ணு வெளிய போற வேகத்துக்கு. அதனால போல்ட் எண்ண முடியாத அளவுக்கு அழுக்கா இருந்தா கூட, வட்ட கனெக்டர் எந்தப் பக்கம்னு பாத்தாலே போதும், பாசஞ்சர் பக்கம்னா 60இ, டிரைவர் பக்கம்னா 80இ. வம்ச மாற்றத்துக்கு நல்ல உதாரணம் அந்த 454 எஸ்எஸ் பிக்கப், 1990ல வந்ததுல டர்போ 400, அடுத்த வருஷம் அதே வண்டியில 4எல்80இ. அதே பேரு, அதே கருப்பு பெயின்ட், அதே 7.4 லிட்டர் இன்ஜின், கீழ இருக்கறது மட்டும் வேற.

இந்த வருஷக் கணக்குல ஒரு குழி இருக்கு. மாடல் வருஷம் வேற, தயாரிச்ச வருஷம் வேற. 1992 கடைசியில தயாரான வண்டி 93 மாடலா இருக்கும், டிரைவர் கதவுல தயாரிச்ச மாசம் வருஷம் 92ன்னு போட்டிருக்கும், அதைப் பாத்து 92தானே, கேபிள் வச்ச 4எல்60தானேன்னு வாங்கினா தப்பாயிடும். எப்பவும் வின்ல பத்தாவது எழுத்தைப் பாருங்க. அதே மாதிரி 4எல்60இ எல்லாம் ஒண்ணுன்னும் நினைக்க வேண்டாம், ஃபில்டர் கேஸ்கெட்டுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனா முழு பாக்ஸையே வேற வண்டியில இருந்து எடுத்து மாட்டப் போறீங்கன்னா 95 வரைக்கும் வந்ததும் 96ல இருந்து வந்ததும் எலக்ட்ரானிக்ஸ்ல மாறும். 90களோட பின்பாதியில முன்பக்க மணி மாதிரி இருக்க பகுதி தனியா கழட்டுற மாதிரி வந்துடுச்சு, பழசுல பாக்ஸோட ஒரே வார்ப்பா இருக்கும்.

கீழ இருக்கறப்பவே இன்னொண்ணும் தேடுங்க. 700ஆர்4, 4எல்60இ ரெண்டுலயும் பாசஞ்சர் பக்கம் பின்னாடி, பேன் வந்து உக்கார்ற விளிம்பை ஒட்டி பாக்ஸ் மேலயே எண்ணும் எழுத்தும் அடிச்சிருப்பாங்க, 4எல்60இ-ல முதல் எண் வருஷத்தோட கடைசி இலக்கம், 4ன்னா 94. டர்போ 400ல பாசஞ்சர் பக்கம் ஒரு சின்ன உலோகத் தகடு ரிவெட் அடிச்சிருக்கும். வண்டியோட வின் நம்பரின் பின்பகுதியும் பாக்ஸ் மேல அடிச்சிருக்கும், அது உங்க வின்னோட ஒத்துப் போச்சுன்னா இது கூடவே பொறந்தது, ஒத்துப் போகலைன்னா வேற வண்டியில இருந்து வந்தது. ஒயர் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் வேணும், பொறுமையும் வேணும், ஆனா அந்த நம்பரைக் கண்ணால பாத்துட்டா அப்புறம் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

கீழ போக முடியாதவங்க ஓட்டிப் பாத்து ஓரளவு ஊகிக்கலாம். டேகோமீட்டர் இருந்தா முதல் கியர்ல இருந்து ரெண்டுக்கு மாறுறப்ப முள் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. 4எல்60இ-ல முதல் கியர் 3.06, ரெண்டாவது 1.63, அதனால 3000ல மாறினா கணக்குப்படி 1600 கிட்ட விழும், பெரிய இறக்கம். 4எல்80இ-ல 1800 கிட்ட நிக்கும். டார்க் கன்வெர்ட்டர் வழுக்குறதால துல்லியமா இருக்காது, ஒரு குறிப்பா மட்டும் வச்சுக்கங்க. எத்தனை கியர்னு எண்ணுறப்பவும் ஒரு ஏமாத்து இருக்கு, கன்வெர்ட்டர் லாக் ஆகுறப்ப முள் ஒரு சின்ன இறக்கம் இறங்கும், அது இன்னொரு கியர் மாதிரியே தோணும், மூணு கியருக்கு நாலு எண்ணிடுவாங்க, நாலுக்கு அஞ்சு. ஏற்கனவே வண்டி கோளாறாகி எலக்ட்ரிக் கட்டாயிருந்தா அதுவே ஒரு அடையாளம் குடுக்கும், டி-ல போட்டா 4எல்60இ மூணாவது கியர்லயே நிக்கும், கிளம்பவே திணறும், 4எல்80இ ரெண்டாவதுல நிக்கும்.

மேனுவல் வச்சிருக்கவங்களுக்கு சுருக்கமா. ஸ்டிக்கர்ல எம்ஜி5ன்னா அலுமினிய உடம்பு அஞ்சு கியர், என்வி3500 ரகம். எம்டபிள்யூ3ன்னா என்வி4500, இரும்பு உடம்பு, கனமான வண்டிக்கானது. அதுக்கு முன்னாடி 1991 வரைக்கும் எஸ்எம்465ன்னு நாலு கியர் இரும்பு பாக்ஸ், முதல் கியர் 6.55, சும்மா நடக்குற வேகத்துல போகும், சாதாரணமா எல்லாரும் ரெண்டாவதுலயே கிளப்புவாங்க. இங்க பேரு தெரிய வேண்டியது ஆயிலுக்காக, என்வி4500க்கு ஜிஎல்-4ங்கிற தரத்துல சிந்தெடிக் கியர் ஆயில் வேணும், கியர் ஆயில்தானேன்னு கையில கிடைச்ச ஜிஎல்-5ஐ ஊத்தினா உள்ள கியர் சுலபமா விழ வைக்கிற பித்தளை வளையத்தை, அதாவது சிங்க்ரோவை அது கெடுத்துடும்.

ஃபோர்டு பிக்கப் வச்சிருக்கவங்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கு வேலை சுலபம், டிரைவர் கதவு திறந்தா இருக்க ஸ்டிக்கர்லயே ட்ரான்ஸ்மிஷனுக்குன்னு தனி கட்டம் இருக்கும், அதுல 'இ'ன்னா இ4ஓடி, 'எம்'னா மஸ்டா பண்ணின அஞ்சு கியர் மேனுவல். பேன் எண்ணிக்கை சி4க்கு 11, ஏஓடிக்கும் 4ஆர்70டபிள்யூவுக்கும் 14, சி6க்கு 17, இ4ஓடிக்கு 20. செவிக்குச் சொன்ன 17ஐ ஃபோர்டுல போட்டுக் குழப்பிக்காதீங்க.

இப்ப தம்பி உங்க வண்டிக்கு வர்றேன். 2500ங்கிற பேரை வச்சு முடிவு பண்ண முடியாது, அந்தக் காலத்து 2500ல லேசானது ஒண்ணு, கனமானது ஒண்ணு வந்துச்சு. சக்கரத்துல எத்தனை நட்டுன்னு எண்ணுங்க. ஆறுன்னா லேசான 2500, பெரும்பாலும் 4எல்60இ இருக்கும். எட்டு நட்டு இருந்து, டிரைவர் கதவு ஸ்டிக்கர்ல மொத்த எடை அளவு 8600 பவுண்டுன்னு போட்டிருந்தா 4எல்80இ இருக்கத்தான் அதிக வாய்ப்பு. இதைப் பாத்துட்டு கிளவ் பாக்ஸ்ல எம்30ஆ எம்டி1ஆன்னு பாருங்க, அப்புறம் கீழ போய் 16ஆ 17ஆன்னு எண்ணுங்க. மூணும் ஒண்ணா சொன்னா தைரியமா கடைக்குப் போகலாம். மாறி மாறி சொன்னா கீழ எண்ணினதை மட்டும் எடுத்துக்கங்க. 13 எண்ணினீங்கன்னா ஒண்ணும் வாங்காதீங்க, அது பின்னாடி யாரோ மாட்டினது, வித்தவர் சொன்ன டர்போ 400ஏ உண்மையா இருக்கலாம், மாடுலேட்டரும் பேன் உருவமும் தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, பாத்து சொல்றேன்.

கடையில 4எல்60இ ஃபில்டர் கேக்குறப்ப ஆழமான பேனா ஆழம் கம்மியானதான்னு இன்னொரு கேள்வி வரும், ரெண்டுக்கும் ஃபில்டர் வேற, அதனால கீழ இருக்கறப்பவே பேனோட ஆழத்தை ஒரு ஸ்கேலால அளந்து குறிச்சு வச்சுக்கங்க. பேன் இறக்கி மாத்தினா 4எல்60இ-க்கு 5 குவார்ட் கிட்ட ஆயில் பிடிக்கும், அதாவது 4.7 லிட்டர், 4எல்80இ-க்கு 7.7 குவார்ட், அதைவிட ரெண்டு பாட்டில் கூட வாங்கி வச்சுக்கங்க. பழைய டெக்ஸ்ரான் 3 கேட்ட பாக்ஸ்தான் ரெண்டும், இப்ப டெக்ஸ்ரான் 6 ஊத்தலாம், ஒத்துக்கும். 4எல்60இ பேன் போல்ட்டை கை பலம் முழுக்க போட்டு இறுக்காதீங்க, 8 ஃபுட் பவுண்டுதான் கணக்கு, அலுமினிய மரை, பிச்சுக்கிட்டு வந்துடும். பேனுக்குள்ள ஒரு காந்தம் இருக்கும், அதுல சாம்பல் நிறத்துல மாவு மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், கையில குத்துற மாதிரி இரும்புத் துண்டு இருந்தா ஆயிலை ஊத்துறதுக்கு முன்னாடி அதையும் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ஊத்தினப்புறம் வண்டியை நல்லா சூடு பண்ணி, சமதரையில, பார்க்ல போட்டு, இன்ஜின் ஐடில்ல ஓடிட்டு இருக்கறப்பவே டிப்ஸ்டிக் பாக்கணும், ஆஃப் பண்ணிட்டுப் பாத்தா அளவு அதிகமா காட்டும்.